கிளிப் போட்ட பாதியில் தாடை மூட்டு வலி: கழற்றுவதா, தொடர்வதா?

கிளிப்காரி, பெல்லந்தூர்

வணக்கம். பெங்களூரில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு கூடவே தாடை வலியோடும் மல்லுக்கட்டுகிற நம் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்கு வயது 28. மேல்பல் எத்தல். சின்ன வயதில் ஆம்பூரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இங்கே வேலைக்கு வந்து சொந்தக் காசு கையில் புரள ஆரம்பித்ததும் நானே போய்ப் போட்டுக்கொண்டேன். மேலே இரண்டு பக்கமும் முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியை மூடிக்கொண்டு வருகிறார்கள். மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல் கொக்கி வரைக்கும் ரப்பர் பேண்ட் மாட்டச் சொன்னார்கள், அதை மாட்ட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை.

வலது காதுக்கு முன்னால் வலி. காலையில் எழுந்தால் தாடை கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது, நெற்றிப்பொட்டில் இறுக்கம், கொட்டாவி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே கேட்கும் போல. காது என்று நினைத்து ஈஎன்டி டாக்டரிடம் போனேன், காதில் ஒன்றுமே இல்லை, பல் டாக்டரைப் பாருங்கள் என்றுவிட்டார். கிளிப் போட்டவரோ "பல் நகரும்போது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். வேறொரு கிளினிக்கில் கேட்டால் நேர்மாறு: கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற விதம், சரியில்லாததால் மூட்டு கெடுகிறதாம், கிளிப்பை உடனே கழற்ற வேண்டுமாம், மூட்டை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு கடைவாய்ப்பல் எல்லாவற்றுக்கும் கேப் போட்டு உயர்த்த வேண்டுமாம். அவர்கள் சொன்ன தொகை கிளிப்புக்கு ஆனதைப்போலப் பல மடங்கு. போனில் அம்மா, "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

கழற்றிவிடலாமா? பாதியில் கழற்றினால் இடைவெளி அப்படியே ஓட்டையாக நிற்குமே என்றும் பயம்.

சில்க்போர்டு சிக்னல்

சகோ, நான் கிளிப் போட்டவன் இல்லை, ஆனால் நீங்கள் சொல்கிற வலி அத்தனையும் எனக்கு உண்டு. அதனால் ரப்பர் பேண்டைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ஆபீஸில் கோட் அடிக்கும்போது, மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு கேட்கும்போது, முக்கியமாக அவுட்டர் ரிங் ரோடில் வண்டி நகராமல் நிற்கும்போது, உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது, தெரியவே தெரியாது. வாய் சும்மா இருக்கும்போது பல்லும் பல்லும் தொடவே கூடாதாம், நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டுமாம். உதடு மூடியிருக்கலாம், பல் திறந்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தச் சொன்னார்கள், அதற்கப்புறம்தான் நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே புரிந்தது.

அப்புறம் ஒரு கேள்வி. வாய் எவ்வளவு திறக்கிறது? ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் நிற்க வைத்து நுழைக்க முடிகிறதா? இடையில் எப்போதாவது மாட்டிக்கொண்டு திறக்காமல் நின்றதுண்டா?

கிளிப்காரி, பெல்லந்தூர்

மூன்று விரல் போகிறது, கடைசி விரலில் வலிக்கிறது. மாட்டிக்கொண்டு நின்றதில்லை. பல் ஒட்டியிருப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே ஒட்டித்தான் இருந்தது :( 

எதிர்க்கேள்வி

எல்லோரும் சேர்ந்து இந்தப் பெண்ணின் தலையிலேயே பழியைப் போடுகிறீர்கள். டென்ஷன், பல்லைக் கடிக்கிறாய், ஓய்வெடு. டாக்டர்களுக்கு இது ரொம்ப வசதியான பதில். எனக்கு 19 வயதில் நான்கு பல்லைப் பிடுங்கிக் கிளிப் போட்டார்கள், அதுவரை என் தாடையில் ஒரு சத்தம் கிடையாது, கழற்றிய பிறகு இன்றுவரை இடது பக்கம் நறுக் நறுக். பல்லைப் பிடுங்கி முன்பல்லைப் பின்னால் இழுத்தால் கீழ்த்தாடையும் பின்னால் தள்ளப்பட்டு மூட்டு நசுங்கத்தானே செய்யும்? இது நானாகச் சொல்வதில்லை. 1987ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண் இதே காரணம் சொல்லித் தன் கிளிப் டாக்டர் மேல் வழக்குப் போட்டு, எட்டரை லட்சம் டாலர் தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. ஒன்றும் இல்லாமலா அவ்வளவு கொடுத்தார்கள்?

பல்வைத்தியன்

நான் கிளிப் போடுகிற துறையில் எம்டிஎஸ் முடித்தவன். சொந்தக் கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று தோன்றினால் பரவாயில்லை, முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எதிர்க்கேள்வி சொன்ன வழக்கு நிஜம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தத் தீர்ப்பு வந்ததும் அமெரிக்காவில் எங்கள் துறையே ஆடிப்போய்விட்டது, அதன் பிறகுதான் இந்தக் கேள்வியை ஒழுங்காக ஆராய்ச்சி செய்யப் பணம் ஒதுக்கினார்கள். கிளிப் போட்டவர்கள், போடாதவர்கள், பல் எடுத்துப் போட்டவர்கள், எடுக்காமல் போட்டவர்கள் என்று பிரித்து வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பல் எடுத்த கூட்டத்தில் மூட்டுத் தொல்லை கூடுதலாக இல்லை. கிளிப் போட்டதால் தாடை மூட்டுக் கோளாறு வருகிறது என்பதும் தேறவில்லை, கிளிப் போட்டால் அது குணமாகும் என்பதும் தேறவில்லை. இரண்டாவதை எங்கள் ஆட்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். கிளிப் போட்டு மூட்டு வலியைக் குணப்படுத்தலாமா என்று 2010ல், மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது, அப்படிச் சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதுதான் முடிவு.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் கிளிப் சமயத்தில்தான் ஆரம்பித்தது என்கிறார்கள்? இந்தக் கோளாறு அதிகம் தலைகாட்டுவது 20 முதல் 40 வயதுக்குள், அதிலும் பெண்களிடம் கூடுதல். பெரியவர்களாகிக் கிளிப் போட வருபவர்கள் யார் என்று என் வரவேற்பறையில் வந்து பாருங்கள், அதே வயதுதான், பாதிக்கு மேல் பெண்கள். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று தோன்றுவது இயல்பு. எதிர்க்கேள்வி, உங்கள் வலியும் சத்தமும் பொய் என்று நான் சொல்லவில்லை. கிளிப் போடாமலே இருந்திருந்தாலும் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்கிறேன்.

சரி, மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் கையில் தட்டுப்படுவதுதான் அந்த மூட்டு. முதலில் கதவுக் கீல் போலச் சுழலும், இன்னும் திறந்தால் மேசை இழுப்பறை போல முன்னால் சறுக்கும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சின்ன நார்த்தட்டு உண்டு. அது இடம் விலகி முன்னால் போயிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறி உட்காரும், அதுதான் அந்த 'டக்'. வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை, ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. தட்டு திரும்பி வராமல் முன்னாலேயே சிக்கிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும், வாயும் திறக்காது. சத்தம் நின்றதே என்று சந்தோஷப்பட வேண்டாம், உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய நேரம் அது.

கிளிப்காரி, உங்களுக்கு மூட்டைவிடத் தசைதான் அதிகம் வலிக்கிறது என்று படுகிறது. காலை இறுக்கமும் பொட்டு வலியும் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன. நேரில் கை வைத்து அழுத்திப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்கே, எப்போது, எத்தனை விரல் திறக்கிறது, ரப்பர் பேண்ட் மாட்டாத நாளில் எப்படி, இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய், ரப்பர் பேண்டைக் கொஞ்ச காலம் நிறுத்தலாமா, கம்பியை இப்போதைக்கு மேலும் முடுக்காமல் விடலாமா என்று கேளுங்கள். நடுவில் ஓய்வு கொடுப்பது தப்பே இல்லை, சிகிச்சை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். இதுவரை மூடிய இடைவெளியும் உடனே திறந்துகொள்ளாது. கம்பி இருக்கிற இடத்தில் பல்லைப் பிடித்து வைத்திருக்கும்.

கேப் விஷயம் தனி. அதற்குப் பிறகு வருகிறேன், இப்போது நோயாளி காத்திருக்கிறார்.

ராஜாஜிநகர் அத்தை

கண்ணு, டாக்டர் தம்பி அழகாச் சொல்லிட்டார், நான் சாப்பாட்டைச் சொல்கிறேன். என் மகளுக்கும் இதே பாடு, அவளும் கிளிப்பும் கம்பியுமாகத்தான் கல்யாணத்துக்கு நின்றாள். வலி அதிகமான நாட்களில் தயிர் சாதம், ரசம் சாதம், குழைந்த பொங்கல், இட்லி. சப்பாத்தி வேண்டாம், மென்று மென்று தாடை ஓய்ந்துவிடும், பரோட்டா பேச்சே எடுக்காதே. முறுக்கு, கரும்பு, சூயிங் கம் மூன்றும் கிளிப்புக்கும் ஆகாது, தாடைக்கும் ஆகாது. ஆப்பிளை அப்படியே கடிக்காமல் சீவிச் சாப்பிடு. இந்த ஊரில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, ராகி முத்தே. எங்கள் பக்கத்து வீட்டு கௌடர் அம்மா சாப்பிடுவதைப் பார்த்தால் தெரியும், உருண்டையைக் கிள்ளி சாற்றில் தோய்த்து அப்படியே முழுங்க வேண்டியது, மெல்லுகிற வேலையே கிடையாது. முதலில் தொண்டையில் நிற்கும், பழகிவிடும்.

கொட்டாவி வந்தால் நாக்கை மேல் அண்ணத்தில் வைத்துக்கொண்டு, முகவாய்க்குக் கீழே கையைக் கொடு, ரொம்பப் பிளக்காது. குப்புறப் படுக்காதே. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கன்னத்தில் ஒத்தடம், கால் மணி நேரம், ராத்திரி படுக்கும் முன்னால். சுக்குப் பற்று போடு என்று யாராவது சொல்வார்கள், என் மகளுக்குக் கன்னம் எரிந்ததுதான் மிச்சம்.

இரவு ஷிப்ட்

இரண்டு விஷயம். ஒன்று, வலி மாத்திரை. கிளிப் போட்டிருக்கும்போது ஐபுப்ரொஃபன் அடிக்கடி வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்று என் டாக்டர் சொன்னார், பல் நகர்வதற்கு வேண்டிய அழற்சியையே அது குறைக்கும் என்று காரணம் சொன்னார். இரண்டு, மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? ஃப்ளூஆக்ஸிடின், செர்ட்ராலின் மாதிரி மருந்துகளில் சிலருக்குத் தூக்கத்தில் பல் கடிப்பது கூடும். எனக்கு அதுதான். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். பல் டாக்டர் இதைக் கேட்பதில்லை, மனநல டாக்டர் பல்லைக் கேட்பதில்லை.

கிளிப்காரி, பெல்லந்தூர்

மாத்திரை எதுவும் இல்லை. அத்தை, முத்தே முயற்சி செய்கிறேன், ஆபீஸ் கேன்டீனில் புதன்கிழமை போடுவார்கள்.

டாக்டர், நைட் கார்டு போட்டால் சரியாகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கிளிப்புக்கு மேல் அதை மாட்ட முடியுமா? இல்லை, கிளிப்பைக் கழற்றிவிட்டு அலைனருக்கு (பல்லை நகர்த்தக் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் உறை) மாறினால் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்குமா?

பல்வைத்தியன்

வந்துவிட்டேன். நைட் கார்டு என்பது தூங்கும்போது மாட்டிக்கொள்ள உங்கள் பல்லின் அச்சுக்குச் செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக். கிளிப் போட்ட பல் மாதா மாதம் இடம் மாறும், இன்று பொருந்துவது அடுத்த தடவை பொருந்தாது, பொருந்தாததை அழுத்தி மாட்டினால் நாங்கள் நகர்த்துகிற பக்கத்துக்கு எதிராகத் தள்ளும். மிகவும் தேவைப்பட்டால் நகராத தாடைப் பக்கம் செய்யலாம், இல்லையென்றால் கடைவாய்ப்பல்லின் மேல் கொஞ்சம் சிமென்ட் வைத்துக் கடியைத் திறந்து விடலாம், அது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. கடையில் விற்கிற, வெந்நீரில் போட்டுக் கடிக்கிற ரப்பர் கார்டு வேண்டாம். சிலர் அதைச் சூயிங் கம் மாதிரி மென்றுகொண்டே தூங்குவார்கள்.

அலைனர் பல்லை மூடுவதால் சிலருக்கு இதமாக இருக்கும், சிலர் அதையே கடித்துக் கடித்து வலியைக் கூட்டிக்கொள்வார்கள். மூட்டு வலிக்காக மட்டும் மாறுவது வீண் செலவு.

இப்போது கேப். கடி தப்பாக இருப்பதால்தான் மூட்டு வலிக்கிறது என்ற கருத்து பழசு. 1934ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் காஸ்டன் என்ற ஈஎன்டி டாக்டர் 11 நோயாளிகளைப் பார்த்து எழுதியதிலிருந்து அது பரவியது: பின்பற்கள் போய்க் கடி இறங்கிவிட்டதால் காது வலியும் தலை வலியும் வருகிறது என்றார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பிறகு நிற்கவில்லை. ஆனாலும் கடியைத் திருத்து, பல்லைத் தேய், உயர்த்து என்ற வியாபாரம் பல தலைமுறை ஓடியது, இன்னும் ஓடுகிறது. 2023 கடைசியில் பிஎம்ஜே மருத்துவ இதழில் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. எதை அழுத்திப் பரிந்துரைக்கிறார்கள் தெரியுமா? நடத்தை சார்ந்த மனநல சிகிச்சை, பிசியோ கையால் தளர்த்துவது, மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கழுத்து முதுகை நேராக்கும் பயிற்சி, வீட்டில் தாமாகச் செய்யும் நீட்சி. நைட் கார்டுக்குக்கூட லேசான எதிர்ப்புதான் பதிவாகியிருக்கிறது, கடியை நிரந்தரமாக மாற்றிவிடுகிற ஸ்பிளிண்டுக்கோ (அதுவும் பல்லில் மாட்டுகிற தகடுதான்) பலமான எதிர்ப்பு. நல்ல பல்லைத் தேய்த்துக் கேப் போட்டால் திருப்பிக் கொண்டுவர முடியாது. வலிக்காக அதைச் செய்யச் சொன்னால் எழுந்து வாருங்கள்.

எதிர்க்கேள்வி

அப்படியானால் உங்கள் துறையும் கடியைத்தானே மாற்றுகிறது, அதுவும் நிரந்தரமாக? கேப் போடுகிறவன் திருடன், கம்பி போடுகிறவன் நல்லவனா?

பல்வைத்தியன்

நியாயமான கேள்வி. மூட்டு வலிக்கு மருந்து என்று சொல்லி எவனாவது கிளிப் போட்டால் அவனையும் அதே கூண்டில் ஏற்றுங்கள், நான் தடுக்கவில்லை. எத்தல் பல், நெரிசல், மெல்ல முடியாதது, பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை, இதற்குத்தான் கிளிப். அதைச் செய்யும்போது மூட்டு வலி இருந்தால் முதலில் வலியை அடக்கி, பிறகுதான் தொடர வேண்டும். வலி கொதிக்கும்போது புதிதாக ஆரம்பிக்கவே கூடாது. ஆரம்பத்திலேயே வாய் திறப்பை அளந்து, சத்தம் உண்டா என்று எழுதி வைக்க வேண்டும், பல கிளினிக்குகளில் இதைச் செய்வதில்லை, அது எங்கள் துறையின் குறை. உங்கள் 19 வயதில் அப்படி எழுதி வைத்திருந்தால் இன்று நாம் இருவரும் இவ்வளவு தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.

எதிர்க்கேள்வி

சரி. இதை ஒத்துக்கொள்கிறேன். மிச்சத்தை இல்லை.

பூட்டிய வாய், ஜீவன்பீமா நகர்

எனக்கு நிஜமாகவே பூட்டிக்கொண்டது. ஒரு காலை எழுந்தால் ஒன்றரை விரல்தான் திறக்கிறது, வருடக்கணக்கில் இருந்த சத்தம் காணோம். கிளிப் போட்டுக் கடைசிக் கட்டம். என் டாக்டர் அன்றைக்கே கம்பியைத் தளர்த்தி, முகத்தாடை அறுவை டாக்டரிடம் அனுப்பினார். அவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். வழக்கமாக எடுக்கிற, முழுத் தாடையும் ஒரே படத்தில் விழுகிற ஓபிஜி எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், அந்தத் தட்டு தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஊசி, ஆபரேஷன் எல்லாம் இல்லாமலே பிசியோவால் மெல்ல மெல்லத் திறந்தது. நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்துக்கொண்டு, நாக்கு விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூட வேண்டும், கண்ணாடியில் தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சலிப்பு தட்டுகிற பயிற்சி, ஆனால் விடாமல் செய்தால் பலன் உண்டு.

நெட்டில் மியூயிங் என்று நாக்கை அண்ணத்தில் நாள் முழுக்க அழுத்தச் சொல்கிறார்கள், தாடையைச் செதுக்கும் ரப்பர் உருண்டை விற்கிறார்கள். நாக்கு லேசாகத் தொட்டுக்கொண்டு இருப்பது வேறு, அழுத்துவது வேறு. அந்த உருண்டையைக் கடித்த என் தம்பி இப்போது என் பிசியோவின் வாடிக்கையாளர்.

செலவு யோசிப்பவர்களுக்கு: விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாய் மருத்துவம், கிளிப், அறுவை என்று துறைகள் ஒரே இடத்தில், ஒருவர் சொல்வதை இன்னொருவர் பார்க்கிறார். கூட்டம் உண்டு, காலையிலேயே போக வேண்டும்.

பல்வைத்தியன்

பூட்டிய வாய் சொன்னதோடு இன்னும் ஒன்று. பொருந்திக்கொண்டிருந்த முன்பற்கள் திடீரென்று ஒன்றையொன்று தொடாமல் போனால், அது கம்பியின் வேலையா மூட்டு எலும்பு தேய்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இளம் பெண்களிடம் அபூர்வமாக அப்படித் தேய்வதுண்டு. அத்தை மாதிரி 50 தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பொட்டு வலி, மெல்லும்போது தாடை ஓய்ந்து போவது, பார்வை மங்குவது சேர்ந்து வந்தால் பல் டாக்டரிடம் வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. அது ரத்தக்குழாய் வியாதியாக இருக்கலாம்.

ராஜாஜிநகர் அத்தை

எனக்கு 50 தாண்டியது உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?

கிளிப்காரி, பெல்லந்தூர்

கொஞ்சம் தாமதமாக வருகிறேன், ஆபீஸில் ரிலீஸ் நேரம். நீங்கள் சொன்னபடி எழுதிக்கொண்டு போனேன், காகிதத்தைப் பார்த்ததும் டாக்டரின் பேச்சே மாறிவிட்டது, உட்கார வைத்துத் தாடை முழுக்க அழுத்திப் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார். ரப்பர் பேண்டை நிறுத்திவிட்டார், கம்பி அப்படியே இருக்கிறது. பிசியோவுக்கும் அனுப்பினார். காலை இறுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது, பொட்டு வலி ரிலீஸ் வாரத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. சத்தம் இருக்கிறது, வலியில்லாத சத்தம், இருந்துவிட்டுப் போகட்டும். கேப் கிளினிக்கிலிருந்து இன்னும் போன் வருகிறது, எடுப்பதில்லை. ரப்பர் பேண்டைப் பிறகு லேசான வகையில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்கிறார், தாங்கவில்லை என்றால் எலும்பில் சின்ன ஸ்குரூ வைத்து இழுக்கும் வழியும் இருக்கிறதாம். முடிய இன்னும் நாளாகும். அம்மாவிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்துவிட்டு வந்தால் அன்று மாலை வலி பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பல்வைத்தியன்

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வாயை மூட விடச் சொல்லி. இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் கட்டை உண்டு, கேட்டால் வைப்பார்கள், தசை தானாகத் தாங்க வேண்டியதில்லை. கிளிப் கழற்றும் நாளில் அதிக நேரம் ஆகும், அன்றைக்கு இரண்டு தடவையாகப் பிரித்துக் கேட்டாலும் தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒத்தடம்.

இரவு ஷிப்ட்

காலை அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மாலையில் போனால் டிராஃபிக்கில் பல்லைக் கடித்துக்கொண்டே போய்ச் சேர்வீர்கள்.